பித்தளைமேல் விழுந்த பழி

சாவிக்காரம்மா அரத்தால் புதுச் சாவியின் பிசிறைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் முட்டிகள் புடைத்திருந்தன. கட்டைவிரல் சரியாக மடங்காததால், அரத்தின் பிடியில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிப் பருமனாக்கி வைத்திருந்தாள். மேசையில் படிந்த மஞ்சள் தூளை வாயால் ஊதித் தள்ளினாள்.

“ஊது, நல்லா ஊது!” மகள் ரத்தப் பரிசோதனைத் தாளோடு உள்ளே வந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்த பரிசோதனை இல்லை அது. அவளாகவே அம்மாவை இழுத்துப்போய் எடுக்கவைத்தது. “உன் ரத்தத்துல செம்பு ஏறிக் கிடக்குதும்மா. இந்தப் பித்தளைத் தூள்தான் உன் மூட்டெல்லாத்தையும் கெடுத்திருக்கு. கடையை மூடு.”

“நீ எப்ப டாக்டருக்குப் படிச்ச? சொல்லவே இல்லையே!”

“கேலி பண்ணாத. அப்பா, நீங்களாவது சொல்லுங்க.”

பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கணவர் நிமிரவில்லை. “உங்கம்மா சொல்லி நான் கேட்டுத்தான் பழக்கம்.”

சிரித்தாலும் சாவிக்காரம்மா அரத்தைக் கீழே வைத்துவிட்டாள். முடக்குவாதம் வந்தபின் தலைபின்ன முடியவில்லை, பாட்டில் மூடி திறக்க முடியவில்லை. சாவி வெட்டுவது ஒன்றுதான் மிச்சம். பாதி வேலையை மெஷின் பார்த்துக்கொள்ளும். அதுவும் போனால் எதற்கும் அடுத்தவர் கையைப் பார்த்து உட்கார வேண்டியதுதான்.

மாலையில் மூவரும் போனபோது மூட்டு டாக்டரம்மா தாளை மேலும் கீழும் பார்த்தார்.

“துத்தநாகத்தைப் பாத்தீங்களா?”

“அது கம்மிதானே டாக்டர்? செம்புதான் ஜாஸ்தி” என்றாள் மகள்.

“பித்தளைல ரெண்டும் இருக்கும்மா. தூள் உடம்புல ஏறியிருந்தா ரெண்டும்தான் ஏறணும். முடக்குவாதத்துல வீக்கம் அதிகமானா செம்பு ஏறும், துத்தநாகம் இறங்கும். பலருக்கு அப்படித்தான். இது வீக்கத்தோட வேலை.” பிறகு சாவிக்காரம்மாவிடம் திரும்பினார். “வாரத்துக்கு ஒருதடவை போடச் சொன்ன மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா?”

அவள் கூரையைப் பார்த்தாள். “வயித்தைப் பெரட்டுது. அப்பப்ப விட்டுட்டேன்.”

“அதை என்கிட்ட சொல்லணும். பெரட்டாம இருக்க வழி இருக்கு. வீக்கம் அடங்கினா செம்பும் இறங்கிடும். சத்து மாத்திரைன்னு நீங்களா எதையும் வாங்கி முழுங்காதீங்க.”

“அப்ப கடை?”

“திறங்க. ஆனா எந்தத் தூளும் நுரையீரலுக்கு நல்லதில்ல. மூக்கையும் வாயையும் மூடிக்கிட்டு வேலை செய்யுங்க.”

“வாயை மூடச் சொல்லிட்டாங்களா! எனக்கும் நிம்மதி” என்றார் கணவர்.

வெளியே வந்ததும் மகள் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பயந்துதான் போயிருந்தாள்.

“பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சும்மா கிடந்த பித்தளையைச் சந்திக்கு இழுத்தியேடி” என்று அவள் முதுகில் தட்டினாள் சாவிக்காரம்மா.

மறுநாள் காலை, விரல்கள் இளகும்வரை கைகளை வெந்நீரில் வைத்திருந்தாள். கணவர் ஷட்டரைத் தூக்கினார். மகள் முகக்கவசத்தின் நாடாவைக் காதில் மாட்டிவிட்டாள். சாவிக்காரம்மா மேசைத் தூளை ஊதாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். பிறகு நேற்று பாதியில் விட்ட சாவியைத் தேய்த்து முடித்தாள்.