வேகவைத்த துண்டும் ஊறிய பலகையும்

பொன்னேரி பிளைவுட் கடைக்காரனே, நீ எனக்குக் காட்டியது ஒரு பலகை, வீட்டுக்கு அனுப்பியது வேறு பலகை.

என் மனைவி வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். கிரைண்டரைத் தரையில் வைத்துக் குனிந்து குனிந்து அவள் இடுப்பு போய்விட்டது. இனிமேல் குனியக் கூடாது என்றார் டாக்டர். கிரைண்டரை வைக்க மேடை இல்லையென்றால் வியாபாரம் இல்லை. இரும்புச் சட்டத்தை நானே வெல்டிங் அடித்தேன். மேலே போட பிளைவுட் கேட்டு உன் கடைக்கு வந்தேன்.

"தண்ணி தாங்குமா?"

"இன்னாண்ணே இப்டி கேட்டுட்ட? இதுல படகு கட்டி பழவேற்காட்டு ஏரில உடலாம்ணே."

"படகு வேணாம். மாவு சிந்துனா ஊறாம இருந்தா போதும்."

தண்ணீர் தாங்கும் என்று பலகை மேலிருந்த முத்திரையை நான் நம்பவில்லை. முத்திரையை யாரும் குத்தலாம். அந்தப் பலகையிலேயே கையகலத் துண்டு அறுத்துத் தரக் கேட்டேன். முகம் சுளிக்காமல் கொடுத்தாய். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

துண்டைப் பானையில் போட்டுக் கொதிக்கவிட்டேன்.

"இன்னாய்யா, பலகைக்கு உப்பு போட்டியா?" என்று சிரித்தாள் மனைவி.

காலையிலிருந்து மதியம்வரை வெந்தது. ஒரு அடுக்குகூடப் பிரியவில்லை. பலகையை அனுப்பச் சொன்னேன்.

நான் கும்மிடிப்பூண்டியில் கம்பி மில்லில் வேலை செய்கிறவன். அங்கே ஒரு துண்டு வெட்டிச் சோதிப்போம். துண்டு பாஸ் என்றால் லோடு பாஸ். அந்தப் புத்தியில்தான் ஏமாந்தேன். மில்லில் துண்டிலும் லோடிலும் ஒரே நம்பர் எழுதுவோம். உன் பலகையில் நான் ஒரு கோடுகூடக் கிழித்து வைக்கவில்லை.

வந்த பலகையின் விளிம்பு முழுக்க, அடுக்கு தெரியாதபடி சிவப்புப் பெயின்ட். எனக்குத் துண்டு அறுத்த இடமும் இல்லை. கேட்டதற்கு, அளவுக்கு வெட்டியதில் போய்விட்டது என்றாய். இரண்டே வாரம். விளிம்பு உப்பி, விரல் வைத்தால் உள்ளே போகிறது. கிரைண்டர் சாய்ந்துவிட்டது. மனைவி மறுபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இடுப்பு போனா போவுது, வாடிக்க போவக் கூடாது" என்கிறாள்.

உன்னிடம் வந்தேன். "தண்ணி ஊத்திட்டியாண்ணே?" என்றாய்.

மாவு அரைக்கிற மேடையில் வேறு என்ன ஊற்றுவார்கள்?

வெந்த துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஊறிய பலகையிலும் ஒரு துண்டு அறுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் இருக்கிற நேரத்தில், அடுப்பும் பானையுமாக உன் கடை வாசலுக்கு வருகிறேன். இரண்டையும் அங்கேயே வேகவைப்போம். இரண்டும் ஒரே பலகையா? வாங்க வந்தவர்கள் முன்னால் வாய் திறந்து சொல்.