பெக்டரிக் குளத்து லூலாவுக்கு ஒரு தடி

அந்த வருசத்து மழையெல்லாம் நான் மல்லாக்கப் படுத்துக்கிட்டேதான் பார்த்தேன். கரவனெல்ல ஆஸ்பத்திரியில கர்ப்பப்பை வாயில தையல் போட்டு, "கக்கூசுக்குப் போறதத் தவிர வேற எதுக்கும் எந்திரிக்கக்கூடாது"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அதுக்கு முன்னால ரெண்டு பிள்ளை தங்காம போயிருச்சு. இது மூணாவது. இதுவும் போச்சுன்னா நான் என்னாவேன்னு எனக்கே தெரியல. அதனால படுத்தேன்.

படுத்தேன்னு சொல்றது லேசு. உக்காந்த எடத்துல உக்காரத் தெரியாதவ நான். ரப்பர் பால் வெட்டுல மத்தவங்க ஒரு வரிசைய முடிக்கிறதுக்குள்ள அடுத்த வரிசையில நிப்பேன். "ஏய், மரத்தக் காயப்படுத்தாத"ன்னு கங்காணி பின்னாலயே கத்திக்கிட்டு வருவாரு. என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். ரப்பர் மரத்துல கத்திய வச்சாருன்னா பட்டை மட்டும் சுருள் சுருளா வரும், மரத்துல ஒரு கீறல் கூடுதலா இருக்காது. அவரு வெட்டி முடிச்சு வர்றப்ப எல்லாரும் பால் நிறுத்துக் குடுத்துட்டு வீட்டுக்கே போயிருப்பாங்க. "மரத்துக்கிட்ட உத்தரவு கேட்டுக்கிட்டா வெட்டுறீங்க?"ன்னு கேட்பேன். சிரிப்பாரு. அதுக்கும் நேரம் எடுத்துத்தான் சிரிப்பாரு.

எங்க தோட்டம் தெஹியோவிட்டப் பக்கம். நாங்க இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால மரக்கறித் தோட்டம், அதுக்குக் கீழ பெக்டரிக்குத் தண்ணி எடுக்கிற குளம். பாதிக் குளம் ஜபர மூடிக் கெடக்கும். அதான், ஆகாயத்தாமரை. அந்த ஜபரக்கு அடியில ஒரு லூலா இருந்துச்சு. லூலான்னா விரால். இங்க தமிழாளும் சிங்களப் பேரத்தான் சொல்றது. என் தொடை மொத்தம் இருக்கும். நான் பொய் சொல்லல, கண்ணால பார்த்திருக்கேன்.

சின்னதுல அண்ணன்மாரோட குளங்குளமா அலைஞ்சவ நான். கல்யாணம் முடிச்சு வந்தும் அந்தப் பழக்கம் விடல. பழைய ரப்பர் செருப்பத் தவளை மாதிரி செதுக்கி, பின்னங்காலுக்குச் சைக்கிள் டியூப் நாடா ரெண்டு வச்சு, கொக்கிய முதுகோட ஒட்டி மேல பார்க்க வச்சுக் கட்டுவேன். அப்பதான் செடியில மாட்டாது. அதத் தண்ணி மேல தத்தித் தத்தி இழுத்துக்கிட்டு வந்தா, கீழருந்து 'டுபுக்'னு ஒரு சத்தம் வரும் பாருங்க, நெஞ்சே நின்னு போகும். நான் பிள்ளை உண்டாகிறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் அந்த லூலா என் நூல அத்துக்கிட்டு தவளையோட போச்சு. அந்தக் கோவம் எனக்கு ஆறவே இல்ல.

என் கட்டில பின்வாசல் ஓரமாப் போட்டிருந்தாங்க, காத்து வரட்டும்னு. காத்தா வந்துச்சு? 'டுபுக்'தான் வந்துச்சு. பொழுது சாயிற நேரம், ஊரெல்லாம் அடங்கி, தகரத்துல இருந்து தண்ணி சொட்டுற சத்தத்துக்கு நடுவுல ஒரு 'டுபுக்'. கொஞ்சம் விட்டு இன்னொன்னு. என் காலு ரெண்டும் போர்வைக்குள்ள துடிக்கும். கையப் பெசைவேன். சுவத்துச் சுண்ணாம்பக் கிள்ளுவேன். ஒரு நாள் தாங்க முடியாம போர்வைய ஒதறிட்டு ஒரு கால கீழ வச்சேன். சரியா அப்ப இவரு உள்ள வந்தாரு.

திட்டுவாருன்னு பார்த்தேன். திட்டல. மொகம் மட்டும் வெளுத்துப் போச்சு. என் கால ரெண்டு கையாலயும் தூக்கிக் கட்டில்ல வச்சாரு.

"நீ படு புள்ள. நான் போயிப் புடிக்கிறேன். எப்படின்னு மட்டும் சொல்லு."

"உங்களுக்கு மண்புழு கோக்கத் தெரியுமா மொதல்ல?"

"நீ சொன்னா தெரிஞ்சுக்கிறேன்."

மறுநாளே மூங்கில் ஒன்ன வெட்டிச் சீவிக் கொண்டாந்தாரு. நல்ல நீளம், நல்ல அழகு. நான் படுத்துக்கிட்டே நுனியப் புடிச்சு இழுத்தேன். அடி வரைக்கும் வில்லா வளைஞ்சுச்சு.

"இது பொடி மீனுக்குங்க. லூலா வாய் எலும்பு. தடி இப்படி வளைஞ்சா கொக்கி உள்ள போகுமா? கவ்வுன ஒடனே அது ஜபரக்குள்ள தலைய விட்டுரும். செடியோட சேத்து வெளிய இழுக்க முதுகு வெறைப்பா இருக்கணும். நுனி மட்டும் கொஞ்சம் நெகிழ்வா இருக்கணும், இல்லாட்டி தவளை குதிக்காது, கட்டை மாதிரி வரும்."

"முதுகு வெறைப்பு, நுனி நெகிழ்வு"ன்னு பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொல்லிக்கிட்டாரு.

ஞாயித்துக்கெழமை அவிசாவளைக்கு பஸ் ஏறினாரு. அங்க ஒரு முஸ்லிம் நானா கடையில தூண்டில் சாமான் இருக்கும். சண்டை நடந்த காலம் அது. தமிழாள் பொட்டலத்தோட பஸ்ஸுல போனாலே எறக்கி வச்சுக் கேள்வி கேட்பாங்க. அதுவும் நீளமா, குழாய் மாதிரி ஒரு சாமானக் காகிதத்துல சுத்திக்கிட்டு வந்தா? மனுசன் போனப்பறம்தான் அது எனக்கு உறைச்சுச்சு. மீனும் வேணாம் மண்ணும் வேணாம், இவரு வந்து சேந்தா போதும்னு கெடந்தேன். பஸ் சத்தம் கேக்குறப்பெல்லாம் தலையத் தூக்குவேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து தலைய அமுக்கிப் படுக்க வைப்பாங்க.

பொழுது சாய வந்தாரு. நான் பயந்தபடியே செக்பாயிண்டுல எறக்கிட்டாங்களாம். ஆமிக்காரன் காகிதத்தப் பிரிக்கச் சொல்லிருக்கான். இவரு சிங்களத்துல, "லூலா புடிக்க, மாத்தியா"ன்னு சொல்லிருக்காரு. மாத்தியான்னா ஐயா. அவன் தடியக் கையில எடுத்து ரெண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்தானாம். அப்பறம் நூலப் பார்த்துட்டு, "லூலாட்ட மே தங்கூஸ் மதி"ன்னு சிரிச்சானாம். லூலாவுக்கு இந்த நைலான் நூல் பத்தாதாம்!

"கேட்டீங்களா? அவனுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியல"ன்னு கத்தினேன். கத்தினது கோவத்துல இல்ல. வந்துட்டாரேங்கிற நிம்மதியில கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சு. அத மறைக்க வேற வழி இல்ல.

தடியும் சரியில்ல. ஃபைபர் தடிதான், ஆனா ஆள் ஒசரத்துக்கு மேல அரை ஆள் நீளம். படுத்துக்கிட்டு வீசிப் பார்த்தேன், நுனி தகரத்துல 'டங்'குன்னு அடிச்சுச்சு. அடுத்த வீட்டுல இருந்து "என்னா ஒடையுது?"ன்னு கேட்டாங்க. குளத்தங்கரையில ரப்பர் கொப்பு தலை மேல தொங்குது, அங்க இவ்வளவு நீளத்த எப்படி வீசுறது? நிப்பாட்டி வச்சா நம்ம நெத்தி வரைக்கும் வரணும், அவ்வளவு நீளந்தான் வேணும். ரெண்டாக் கழட்டிப் பையில போடுற மாதிரி வாங்குங்க, செக்பாயிண்டுலயும் தொல்லை இல்லன்னு சொன்னேன். ஒரே துண்டாத் தடி இருந்தாத்தான் ஒழுங்கான வலு. அது எனக்குத் தெரியாததில்ல. ஆனா இவரு முழுசா வீட்டுக்கு வரணும்ல.

நூலு விசயமும் சொல்லி அனுப்பினேன். நைலான் இழுத்தா நீளும். லூலா கவ்வி நாம சுண்டுறப்ப, அந்தச் சுண்டு பாதி வழியிலயே நூல்ல கரைஞ்சு போயிரும். பின்னுன நூல் நீளாது, தண்ணியில முங்காது, செடிய அறுத்துக்கிட்டு வரும். கடல்காரங்க பாவிக்கிற பச்சைப் பின்னல் நூல் நானாகிட்ட இருந்துச்சு. வந்ததும் ஒரு முழத்த எடுத்து ரெண்டு கையிலயும் சுத்தி இழுத்துப் பார்த்தேன். உள்ளங்கையில கோடு விழுந்துச்சு, நூலு அசையல. ஒரு துண்ட வேணுமின்னே கட்டில் காலுல போட்டு இவர இழுக்கச் சொன்னேன். அறுந்தப்ப நுனி தும்பு தும்பாப் பிரிஞ்சு வெளக்குமாறு மாதிரி நின்னுச்சு. "இது உங்க கையில அறுந்தாத்தான் உண்டு, மீனுகிட்ட அறாது"ன்னு சொன்னேன்.

ரெண்டாவது தடியும், அதுக்கு ஒரு ரீலும் வந்துச்சு. வெறைப்பு சரி, நுனி சரி. புதுத் தவளைய நானே படுத்துக்கிட்டு செதுக்கினேன்.

இதெல்லாம் நடந்தப்ப அவரு மொகம் முழுக்கத் தாடி. வயித்துப் பிள்ளைக்காரி வீட்டு ஆம்பளை சவரம் பண்ணக்கூடாது, ஒரு உசிரையும் கொல்லக்கூடாதுன்னு எங்க சனத்துல ஒரு வழக்கம். மலையில பாம்பு வந்தப்ப எல்லாரும் தடிய எடுக்க, இவரு மட்டும் ஒதுங்கி நின்னாராம். எனக்கு அதுல நம்பிக்கை கெடையாது. "மீனுக்குமா அது?"ன்னு கேட்டேன். தாடியச் சொறிஞ்சாரு. சரி, மீன் கணக்குல வராதுன்னு நானா நெனைச்சுக்கிட்டேன்.

வேலை முடிஞ்சு அந்திக்கு அந்தி குளத்துக்குப் போனாரு. நான் கட்டில்ல கெடந்து காதாலயே பார்ப்பேன். தவளை விழுற 'தொப்'. தத்துற சத்தம். அப்பறம் 'டுபுக்'. இதுக்கப்பறம்தான் இருக்கு விசயமே. லூலா கவ்வுன ஒடனே இழுக்கக்கூடாது. தவளைய வாங்கிக்கிட்டு கீழ போகும், நூலு நகரும், அது வரைக்கும் மூச்ச அடக்கி நிக்கணும். இவரு என்னா செய்வாரு? 'டுபுக்'கோட சேத்தே 'வெடுக்'. தவளை பறந்து வந்து கரையில 'பொத்'துனு விழும்.

"அவசரக்குடுக்கை!"ன்னு நான் கத்துறது பெக்டரி வரைக்கும் கேக்கும். லயமே சிரிக்கும். "நூலு நகரட்டும்னு சொன்னேன்ல! கைய என்னா கரண்டு புடிச்சிருக்கா?"

தலையக் குனிஞ்சுக்கிட்டு வருவாரு. "நாளைக்குப் பார்ப்போம் புள்ள."

நாளைக்கும் அதேதான். நானும் விடல. கொக்கிய மாத்தினேன், தவளையக் கனமாக்கினேன், தடி நுனியத் தாழ்த்திப் புடிக்கச் சொன்னேன். ராப்பகலா அதே யோசனை. வயிறு எறங்குதோ, வலிக்குதோ, ரத்தம் படுதோன்னு பயந்து பயந்து செத்துக்கிட்டு இருந்தவளுக்கு, அந்தப் பாழாப்போன லூலா ஒரு வேலையக் குடுத்துச்சு. அஞ்சாம் மாசம் போச்சு, ஆறு போச்சு, ஏழும் போச்சு.

ஒரு அந்தியில 'டுபுக்' கேட்டுச்சு. 'வெடுக்' கேக்கல. நான் மூச்ச அடக்கினேன். ரீல் சுத்துற சத்தம், தண்ணிய அடிக்கிற சத்தம், செடி கிழியிற சத்தம். "விடாதீங்க! தடிய ஒசத்துங்க!"ன்னு கத்திக்கிட்டே கட்டில் சட்டத்த ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன். எந்திரிச்சு ஓடச் சொல்லி ஒடம்பு முழுக்கக் கெஞ்சுது. எந்திரிக்கல. பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். பிள்ளை உள்ள ஒரு உருட்டு உருண்டுச்சு. அப்பறம் எல்லாச் சத்தமும் நின்னுச்சு.

வெறுங்கையோட வந்தாரு. முழங்கால் வரைக்கும் சேறு.

"நூலு அறுந்திருச்சு புள்ள."

"அறுந்திருச்சா? அந்த நூலா? கொண்டாங்க."

நுனிய வாங்கி வெளிச்சத்துல பார்த்தேன். தும்பு இல்ல, பிரியல. சாய்வா, சுத்தமா, பட்டை சீவுற மாதிரி ஒரே வெட்டு. அந்த வெட்டு எனக்குத் தெரியாதா? பால் கத்தி வெட்டு.

"மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க. தவளை எங்க?"

சாரத்து மடியில கைய விட்டு எடுத்துக் கட்டில்ல வச்சாரு. என் தவளைதான். முதுகெல்லாம் பல்லுத் தடம். மீனக் கழட்டி விட்டுட்டு, என்கிட்டச் சொல்ல ஒரு கதைக்காக நூல வெட்டிருக்காரு. நான் செதுக்குன தவளைய வீசத்தான் மனசு வரல.

"குஞ்சு புள்ள"ன்னாரு. "செவப்பா, பொடிசு பொடிசா, தண்ணி கொதிக்கிற மாதிரி அதச் சுத்தி அவ்வளவு குஞ்சு. அதையே பார்த்துக்கிட்டு நின்னுட்டேன். இழுக்க மறந்துட்டேன். அது தவளைய முழுங்கிருச்சு."

இழுக்க மறந்துட்டேன்! மூங்கிலு வந்த நாள்ல இருந்து, இழுக்காதீங்க இழுக்காதீங்கன்னு இந்த மனுசன் கிட்டக் கத்திக்கிட்டு இருக்கேன். மரத்துக்கே வலிக்காம கத்தி வைக்கிற கை. ஆயுசுக்கும் எதுக்கும் அவசரப்படாத கை. குளத்துல மட்டும் அதுக்கு எங்கருந்து வந்துச்சு அவசரம்?

"அப்ப இவ்வளவு நாளும் வேணுமின்னேதானா?"

"உசிரக் கொல்லக்கூடாதுல்ல, இந்த நேரத்துல."

"அப்ப போகாமயே இருந்திருக்கலாம்ல!"

தாடியச் சொறிஞ்சாரு. "போகாட்டி நீ எந்திரிச்சுப் போயிருவியே. புடிச்சுக் குடுத்துட்டாலும் அடுத்த நாள் எந்திரிச்சிருவ. அது அங்கயே கெடந்தாத்தான் நீயும் இங்க கெடப்ப."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தவளையத் தூக்கி அவரு மேலயே எறிஞ்சேன். அப்பறம் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு அழுதேன். இப்படி ஒருத்தரையா நான் ஊரு கேக்க அவசரக்குடுக்கைன்னு கத்திக்கிட்டுக் கெடந்தேன்னு இருந்துச்சு. அவரு கட்டில் ஓரத்துல உக்காந்து என் காலப் புடிச்சு விட்டுக்கிட்டே இருந்தாரு.

மறுநாள் அந்தி. அவரு குளத்துப் பக்கம் திரும்பாம அடுப்படியிலயே சுத்திக்கிட்டு இருந்தாரு. மறுபடியும் ஒரு 'டுபுக்'. என் காலு துடிச்சுச்சு.

"இந்தாங்க, தவளையக் கட்டுங்க"ன்னேன்.

திரும்பிப் பார்த்தாரு.

"பேசாமக் கட்டுங்க. எனக்கு எந்திரிக்கணும் போல இருக்கு."

தடிய எடுத்துக்கிட்டு எறங்கினாரு. 'தொப்'. தத்துற சத்தம். 'டுபுக்', 'வெடுக்', 'பொத்'. நான் இருக்கிற தொண்டையெல்லாம் போட்டு, "அவசரக்குடுக்கை!"ன்னு கத்தினேன். லயம் எப்பவும் போலச் சிரிச்சுச்சு. கரவனெல்லைக்கு என்னைய ஏத்திக்கிட்டுப் போற வரைக்கும் ஒரு நாள் கூட நிப்பாட்டல.

மாசம் நெறஞ்சு பொம்பளப் பிள்ளை பொறந்துச்சு. துணியில சுத்திக் கொண்டாந்து நர்ஸ் அவருகிட்ட நீட்டினாங்க. இவரு தாடியும் கையுமா நின்னு பார்த்துக்கிட்டே இருக்காரு, கை மட்டும் வரல.

"வாங்குங்களேன்!"னு படுக்கையில இருந்து கத்தினேன்.

"இருடி"ன்னாரு. "அவசரப்படுத்தாத."