முதுகில் நான்கு பொத்தான்கள்

எங்கள் ஊர்ப் பக்கம் ரவிக்கை என்பது சுதந்திரத்தை ஒட்டி வந்து சேர்ந்த சமாச்சாரம். அதற்கு முன் வயலில் நின்ற பெண்களுக்குச் சேலை ஒன்றே போதுமாயிருந்தது. என் அத்தைக்கும் அதுவரை பெரிய குறை இல்லை. அய்யாவின் கடைசித் தங்கை அவள். குழந்தையில் வந்த காய்ச்சலில் இடது கை விளங்காமல் போயிற்று. இருந்தும், வலது கையாலும் பல்லாலும் கொசுவம் மடித்து, யார் துணையும் இல்லாமல் சேலை கட்டிவிடுவாள். பிறகு நாகரிகம் வந்தது, முதுகில் பொத்தான் வைத்த ரவிக்கையாக. காய்ச்சல் பாதியில் விட்டுப்போன வேலையை அது முடித்துவைத்தது.

அந்தப் பொத்தான்களைப் போட்டுவிடுவது என் உத்தியோகம். எட்டு வயதில் கிடைத்த பதவி. பின்னாளில் அரசாங்கம் கொடுத்த எந்தப் பதவியிலும் நான் அத்தனை அதிகாரம் செலுத்தியதில்லை. நான் வந்தால்தான் அத்தை அறையை விட்டு வெளியே வர முடியும். விளையாட்டு முடியாவிட்டால் காத்திருப்பாள்.

அத்தைக்கு ராமநாதபுரத்தில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும்.

“படிச்சிருவா, அதுல சந்தேகமில்ல. அங்கன காலையில உடுத்திவிட யாரு இருக்கா?” என்று அய்யா அம்மாவிடம் கேட்டார். தங்கையின் ரவிக்கையைப் பற்றித் தங்கையிடமே பேசுவது முறையல்ல. எனவே எல்லாம் அம்மா மூலமாகத்தான் போகும், வரும். உரிய வழியாக அனுப்பப்படும் மனுவைப் போல. மனுவின் முடிவும் வழக்கம்போல எழுதப்படாமலே தெரிந்தது. தானாக உடுத்த முடியாதவள் தனியாக எங்கும் போக முடியாது.

அடுத்த தெருவில் மரைக்காயர் வீட்டம்மா கொழும்பிலிருந்து வந்த தையல் மெஷின் வைத்திருந்தார். அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள்.

“தலை வழியா மாட்டுற மாதிரி தொளதொளன்னு ஒரு சட்டை தைச்சுத் தாரேன் புள்ள. பொத்தானே வேணாம்” என்றார் அவர்.

“சட்டை மாட்டிக்கிட்டுப் போனா, கை வெளங்காதவ வாரான்னு தமுக்கடிச்ச மாதிரி இருக்கும். ஊருல எல்லாரும் போடுறாகள்ல, அதுதான் எனக்கும் வேணும்.”

“அடி ஆத்தே! கை ஒண்ணுன்னாலும் ஆசை ரெண்டு கைக்கு இருக்கு.”

“ஆசைக்குக் காய்ச்சல் வரலையே” என்றாள் அத்தை.

இருவரும் பல நாள் வெட்டினார்கள், பிரித்தார்கள். கடைசியில் உருவானது இது: முதுகில் வழக்கம்போல நான்கு பொத்தான்கள், வெறும் அலங்காரத்துக்கு. திறப்பு இடது விலாவில், அக்குளிலிருந்து இடுப்பு வரை. அங்கே அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் டிச்சுப் பொத்தான்கள். விளங்காத கையை முதலில் நுழைத்து, தலையை விட்டு, வலது கையைப் போட்டு, அதே கையால் விலாவோடு சேர்த்து அழுத்த வேண்டும். வீட்டில் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

பயிற்சிப் பள்ளி திறக்கும் முன் வந்த அமாவாசைக்குத் தேவிபட்டினம் போனோம். கடலில் முழுகி தண்ணீருக்குள் நவக்கிரகங்களாக நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றியபின், பெண்கள் ஓலைத் தட்டி மறைப்புக்குள் ஈரம் மாற்றினார்கள். எல்லாரும் வெளியே வந்தபின் அத்தை உள்ளே போனாள். வழக்கம்போல நானும் பின்னால் போனேன். “நீ வெளிய நில்லு தாயி” என்றாள்.

நேரம் ஆயிற்று. அய்யா வண்டியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே போக எத்தனித்தபோது அத்தை வந்துவிட்டாள், மேலே ஒட்டிய மணலைத் தட்டியபடி.

கூட வந்திருந்த பெரியம்மா, அய்யாவின் அண்ணன் மனைவி, அவளைப் பிடித்துத் திருப்பினார். “உள்ள யாருடி இருந்தா? யாரு மாட்டிவிட்டா?”

“யாருமில்ல மதினி.”

“பொய் சொல்லாத. துணி கோணலா நிக்கிது பாரு, கழட்டிப் போட்டுவிடுறேன்” என்று மேல் பொத்தானை இழுத்தார். பொத்தான் கையோடு வந்தது, ரவிக்கை திறக்கவில்லை. அடுத்ததையும் திருகிப் பார்த்தார்.

“ஏத்தா, இது என்னடி, வாசலே இல்லாத வீடு!”

“வாசல் இருக்கு மதினி. வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சாப் போதும்.”

பெண்கள் சிரித்த சிரிப்பில் அய்யா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போது அம்மாவிடம், “பெட்டி ஒண்ணு வாங்கணும்ல” என்றார்.

பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ உடல்தகுதிச் சான்றுகள் என் மேசைக்கு வந்தன. ‘பிறர் உதவியின்றி இயங்க வல்லவர்’ என்று அவற்றில் ஒரு வரி. அதற்கு மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். பெரியம்மாவின் கையில் வந்த பொத்தானை எந்த விதியின் கீழ் சேர்ப்பது என்று எனக்கு இன்றும் தெரியாது.

அத்தை ராமநாதபுரத்துக்குப் புறப்பட்ட காலையில் பழக்கதோஷத்தில் எழுந்து அவள் அறைக்குப் போனேன். நான் வாசலை எட்டும் முன் கதவு சாத்தப்பட்டு, உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அதுவரை அந்தக் கதவு தாழிட்டு நான் பார்த்ததில்லை. “அத்தை, நான்தான்” என்றேன். “தெரியும் தாயி, இரு” என்று குரல் மட்டும் வந்தது.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிரிவுக்கு அழுகிறேன் என்று அம்மா தேற்றினாள். எனக்கோ அந்தத் தாழ்ப்பாள் சத்தம் முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிற வயது எனக்கு அப்போது ஆகவில்லை.