மண்டோர் எண்ணிய புள்ளிகள்

அன்று சன்னல் மேசையில் இருந்தவர்கள் இவர்கள். எங்கள் மேஸ்திரி மண்டோர், எப்போதும் போல நின்றபடி. கணக்கு எழுதும் கிராணி, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு. என் நாத்தனார், கத்தரிக்கோலோடு. செட்டிக் கம்பத்து அக்கா, அவளும் கத்தரிக்கோலோடு. கடைசியில் நான். மண்டோர் ஒரு ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். அதில் ஒரு புள்ளிகூட இல்லை. இல்லை என்பது எங்கள் மூன்று பெண்களுக்கும் தெரியும். அதைப் பொறுக்கி எடுத்து அவர் கையில் கொடுத்ததே நாங்கள்தான்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் இந்த ஒரு மாதமாக ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பாத்திரம் கழுவினால் பாதியில் எழுந்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

மலாக்கா ஆற்றை ஒட்டி ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின், ரப்பர் ஸ்டோரில் நாங்கள் வேலை பார்த்தோம். எல்லோருக்கும் வீடு காஜா பெராங் பக்கம். விடியற்காலையில் நடந்தே போவோம். புகை போட்ட ஷீட் தோட்டங்களிலிருந்து லோரியில் வரும். ஒவ்வொரு ஷீட்டையும் இரண்டு மேல் மூலைகளிலும் பிடித்துத் தூக்கி, பெரிய கண்ணாடிச் சன்னலுக்கு நேரே காட்டிப் பார்க்க வேண்டும். சுத்தமான ஷீட் தேன் மாதிரி தெரியும். பட்டைத் தூள், மண், குச்சி ஏதாவது இருந்தால் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். புள்ளியைக் கத்தரித்து எடுத்துக் கூடையில் போட வேண்டும். புள்ளி அதிகம் இருந்தால் ஷீட்டே மட்டமான ரகத்துக்குப் போய்விடும். நாங்கள் பார்த்துக் கொடுத்ததை மண்டோர் ஒருமுறை பார்த்து, ரகம் பிரித்து, பொதியின் மேல் தன் முத்திரையைக் குத்துவார். அந்த முத்திரையை நம்பித்தான் சிங்கப்பூரில் கப்பல் ஏற்றுவார்கள்.

மண்டோர் அதிகம் பேசமாட்டார். எங்களைக் கடந்து போகும்போது ஒன்றுதான் சொல்வார். "கை மாத்திப் பிடிங்க." மேல் மூலையைப் பிடித்திருக்கும்போது கட்டை விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் ஷீட்டைத் தலைகீழாகத் திருப்பி, கீழ் மூலைகளைப் பிடித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஒரு ஷீட்டுக்கு இரண்டு தூக்கு. தோள் வலிக்கும். ஆனாலும் செய்தோம். அவரும் செய்தார். அவர் தோளும் தோள்தானே.

மலாக்கா பாடாங் திடலில் சுதந்திரத் தேதியை அறிவித்த வருஷம் எல்லாம் மாறியது. அதுவரை இரண்டு மண்டோர்கள் இருந்தார்கள். மற்றவர், வெள்ளைக்காரன் போனால் இங்கே நம் கதி என்ன ஆகுமோ என்று குடும்பத்தோடு ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. ஒன்பது பெண்கள் இருந்த மேசையில் மூன்று பேரை விட்டுவிட்டு மற்றவர்களைப் பொதி கட்ட அனுப்பினார்கள். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த அப்புறம் சட்டம் எப்படி இருக்கும், விலை எப்படி இருக்கும் என்று தவுக்கேக்குப் பயம். அதற்குள் முடிந்த மட்டும் ஏற்றிவிட வேண்டும். தவுக்கே பயத்தைக் கிராணியிடம் கொடுத்தார். கிராணி அதை மண்டோரிடம் கொடுத்தார். மண்டோர் யாரிடமும் கொடுக்கவில்லை. தானே வைத்துக்கொண்டார்.

கிராணி கடிகாரத்தோடு வந்து நிற்க ஆரம்பித்தார். "ஒரு ஷீட்டுக்கு ரெண்டு தூக்கு எதுக்கு? ஊஞ்சலா ஆட்டுறீங்க?" என்றார். நாங்கள் கை மாற்றுவதை விட்டோம். மண்டோர் பார்த்தார். அப்புறம் அந்த வார்த்தையைச் சொல்வதையும் விட்டுவிட்டார்.

நான்கு மாதம் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து ஒரு பொதி திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் ஷீட்டெல்லாம் மூலையில் புள்ளி. நாங்கள் விரல் வைத்த இடம். பொதி மேல் இருந்தது அவர் முத்திரை. தவுக்கே அவரை எல்லோருக்கும் முன்னால் நிற்க வைத்துப் பேசினார். மண்டோர் எங்களைக் கைகாட்டவில்லை. கை மாற்ற வேண்டாம் என்று சொன்ன கிராணியும் பக்கத்தில்தான் நின்றார், கூரையைப் பார்த்துக்கொண்டு.

அன்று முதல் மண்டோர் எல்லா ஷீட்டையும் தானே பார்த்தார். நாங்கள் பார்த்ததையும் பார்த்தார். தான் பார்த்ததையும் மறுபடி பார்த்தார். முத்திரை குத்திய பொதியையும் பிரித்துப் பார்த்தார். சோற்றுக்கு மணி அடித்தால் உட்காரமாட்டார். தூக்குச்சட்டி வந்தபடியே வீட்டுக்குத் திரும்பும். முகம் வற்றிப்போனது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தடவைதான் திரும்புவார். ஒரு நாள் சன்னல் கண்ணாடியில் இருந்த ஈ எச்சத்தை ஷீட்டில் இருக்கும் புள்ளி என்று நினைத்து, நல்ல ஷீட்டைக் கத்தரித்துவிட்டார். கிராணி அதைத் தவுக்கேயிடம் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு தப்பு வந்தால் வேலை போகும் என்று தவுக்கே சொன்னது எங்கள் காதுக்கும் வந்தது.

சோற்று நேரத்தில் நாத்தனார் சிரித்தாள். "மண்டோரு ஷீட்டா பாக்குறாரு? பொண்ணுக்கு ஜாதகமில்ல பாக்குறாரு."

செட்டிக் கம்பத்து அக்கா சிரிக்கவில்லை. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிகள் அவர்கள்; அவளுக்குத் தமிழ் வராது. மாரியம்மன் பெயரையும் பொங்கல் என்பதையும்தான் தமிழில் சொல்வாள், மற்றதெல்லாம் மலாய். "சூசா ஹாத்தி," என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். மனசு கஷ்டப்படுகிறது என்று அர்த்தம். எங்கள் ஸ்டோரில் அந்த நோய்க்கு அன்றைக்கு இருந்த ஒரே சரியான பெயர் அதுதான். நாங்கள் தமிழில் திமிர் என்றோம், கண் திருஷ்டி என்றோம், சோம்பல் என்றுகூடச் சொன்னோம். வாய்க்கு வந்ததைச் சொன்னோம்.

யோசனை சொன்னவள் நாத்தனார். "நல்ல ஷீட்டா பொறுக்கிக் குடுத்துட்டா என்னத்த லா அறுக்கப் போறாரு? ஒரு நாளாச்சும் மனுசன் உக்காந்து சோறு திங்கட்டும்." எனக்கும் சரியாகத்தான் பட்டது. மறுநாள் சீக்கிரம் போனோம். நல்ல ஷீட்டை மட்டும், கை மாற்றி மாற்றிப் பார்த்துப் பொறுக்கி அடுக்கினோம். புள்ளி உள்ளதையெல்லாம் கூடைகளுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடினோம். தவுக்கேயின் ரப்பரை மறைத்து வைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று தெரியும். தெரிந்துதான் செய்தோம்.

முதல் ஷீட்டைப் பார்த்தார். திருப்பினார். மறுபடி பார்த்தார்.

"இதுல ஒன்னுமில்லையா தங்கச்சி?"

"ஒன்னுமில்லண்ணே."

இரண்டாவதும் இல்லை. பத்தாவதும் இல்லை. துண்டால் கண்ணைத் துடைத்தார். குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். சன்னல் கண்ணாடியைத் துடைத்தார். வேறொரு ஷீட்டைத் தூக்கினார். கிராணிக்கு ஒரே சந்தோஷம். "இன்னைக்குத்தான் நீங்க மண்டோர் மாதிரி வேல செய்றீங்க," என்றார்.

மண்டோர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "தோட்டத்துலேருந்து இப்படி சுத்தமா வராது தங்கச்சி. புள்ளி இருக்கு. எனக்குத்தான் தெரியல."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நாங்கள்தான் பொறுக்கிக் கொடுத்தோம், உங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று ஒரு வரி. கிராணி பக்கத்தில் நின்றார். சொன்னால் மூன்று பேருக்கும் வேலை போகும். என் புருஷனுக்கு அப்போது வேலை இல்லை. அடுத்த ஷீட்டை எடுத்து நீட்டினேன். நாத்தனார் தரையைப் பார்த்தாள். மண்டோர் முத்திரையை மேசை மேல் வைத்தார். மூலையில் சரியாக, நேராக வைத்தார். சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலில் ஆற்றங்கரைப் பக்கமாக நடந்து போனார். வேலை முடியும் சங்கு ஊதுவதற்கு முன் அவர் வெளியே போனதை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அதற்கப்புறம் வரவில்லை. நான்கு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள், மறைத்து வைத்ததிலிருந்து மோசமான ஷீட் ஒன்றை எடுத்துச் சேலைக்குள் சுற்றிக்கொண்டேன். வீட்டில் சன்னலில் தூக்கிப் பிடித்துப் புள்ளியை எண்ணினேன். பதினாறு. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கண் நன்றாக இருக்கிறது என்று அவருக்கே காட்டிவிடலாம் என்பது என் கணக்கு.

அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி, வாசலிலேயே அழுதாள். "சோறு வேணாங்குறாரு. பேச்சு இல்ல. செவத்தையே பாத்துக்கிட்டு இருக்காரு. பேய் புடிச்சிருக்குன்னு எதுத்த வீட்டுல சொல்றாங்க." உள்ளே அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முதுகைத்தான் பார்த்தேன். பக்கத்தில் தட்டில் சோறு காய்ந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டார். "ஆறுதலுக்குச் சொல்றே," என்றார். அவ்வளவுதான்.

ஷீட்டைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொள்ள நெடுநேரம் ஆனது. எழுந்து சன்னலுக்குப் போனார். தூக்கிப் பிடித்தார். உதடு அசைய எண்ணினார். தலைகீழாகத் திருப்பினார். மறுபடி எண்ணினார்.

"பதினேழு," என்றார்.

ஈ எச்சம் ஞாபகம் வந்தது. இல்லாததைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "ஆமாண்ணே," என்று சொல்லி ஷீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் முகத்தில் அப்போது ஒரு சின்னத் தெளிவு இருந்தது. நான் "ஆமா" சொன்ன விதத்தில் அது போய்விட்டது. அவர் கெட்டிக்காரர். குரலிலும் புள்ளி பார்க்கத் தெரியும்.

திங்கட்கிழமை தவுக்கே என்னைக் கூப்பிட்டார். நான் போய் வந்தது யாரோ சொல்லித் தெரிந்திருக்கிறது. "தங்காச்சி, டியா பூஞ்ஞா மாத்தா பாகுஸ் கா?" என்றார். அவன் கண் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினாறை அவர் பதினேழாக எண்ணினார் என்று சொன்னேன். தவுக்கே தலையாட்டினார். அந்த வாரம் வேறு மண்டோர் வந்தார்.

எங்கள் மண்டோர் இரண்டு வருஷம் வீட்டிலேயே இருந்தார். அண்ணி நான்கு வீட்டில் துணி துவைத்தாள். மெர்டேக்கா அன்று தெருவெல்லாம் கொடி. அவர் வீட்டுச் சன்னல் மட்டும் சாத்தியிருந்தது. அப்புறம் அண்ணியின் தம்பி வந்து சிரம்பானுக்குக் கூட்டிப் போனார். அங்கே கொஞ்சம் தேறி, ஒரு கடையில் சாமான் கட்டிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அங்கேயே இறந்தார் என்பதையும் கேள்விதான் பட்டேன். நான் போகவில்லை. அந்த ஷீட்டைத் திருப்பிக் கொடுக்கப் பயம், எரிக்கவும் மனசில்லை. துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் போட்டேன். முப்பது வருஷம் அங்கேயே கிடந்தது.

இப்போது என் மகள் மலாக்காவிலேயே செங் என்ற இடத்தில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்க்கிறாள். நகத்தைவிடச் சின்னச் சாமானை நாள் முழுக்கப் பெரிதாகக் காட்டும் கண்ணாடிக்குழாய் வழியாகப் பார்த்துக் குறை கண்டுபிடிக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் பேரைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். வேலை அழுத்தம் பற்றிக் கம்பெனியே சுவரில் காகிதம் ஒட்டியிருக்கிறதாம். தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை என்று வரிசையாக. ஒட்டிய சுவருக்குப் பக்கத்துச் சுவரில்தான் அந்தப் பலகை. போன மாதம் வேலை முடிந்து வந்தவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சோறு காய்ந்தது. அந்த முதுகு எனக்குத் தெரிந்த முதுகு.

"லீவு போடு," என்றேன்.

"போட்டா சூப்பர்வைசரு கேப்பாரு மா."

"கேக்கட்டும்."

"உனக்கு ஒன்னும் தெரியாது மா. அந்தக் காலம் வேற."

பெட்டியைத் திறந்தேன். ஷீட் நிறம் மங்கி விறைத்திருந்தது. தூக்கிப் பிடிக்க எனக்குத் தோளில் வலுவில்லை. மகள் எழுந்து வந்து, துணி காயப்போடும் கிளிப்பை ஓரத்தில் மாட்டிச் சன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். வெயில் அடித்தது. மண்டோரைப் பற்றிச் சொன்னேன். முழுதும் சொன்னேன், கடைசி எண்ணிக்கையைத் தவிர. அவள் அழுதாள். பல நாளுக்குப் பிறகு அழுதாள். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. நான்தான் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன்.

அன்று அவள் அழுது முடித்ததும், "எண்ணிப் பாரு," என்றேன்.

எண்ணினாள். நானும் கிட்டே போய்ப் பார்த்தேன். அந்த ஷீட்டை இதுவரை நான் கை இல்லாமல் பார்த்ததில்லை. வலது மேல் மூலையில், அன்று என் கட்டை விரல் இருந்த இடத்தில், மிளகு அளவுக்கு ஒன்று.

பதினேழு.