விளக்குக்குத் தொப்பி போட்ட ஊர்

அமெரிக்காவுக்கு வந்த மூன்றாம் மாதம், என் வீட்டு வாசல் விளக்கின் மேல் புகார் வந்தது. அரிசோனா மாநிலத்தில் பாலைவனத்தை ஒட்டிய சிறிய ஊர் அது. வேலூரில் நர்சிங் படித்த எனக்கு அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை. வேலை முடிந்து வரும்போது பூட்டுத் துளை தெரிய வேண்டுமே என்று, வாடகை வீட்டு வாசலில் என் கணவர் நூறு வாட்ஸ் பல்பு ஒன்றை மாட்டியிருந்தார். ஒரு மாலை நகராட்சி அலுவலர் ஒருவர் வந்து கதவைத் தட்டி, மிகவும் பணிவாக, "டிரெஸ்பாஸ்" என்றார். எனக்குத் தெரிந்த டிரெஸ்பாஸ் எங்கள் ஊரில் தோல் பதனிடும் டேனரிகளின் மதில்களில் சிவப்பு எழுத்தில் இருப்பது. வீட்டுக்குள் யாரோ அத்துமீறி நுழைந்துவிட்டான் என்று பதறி, "எங்கே அவன்?" என்று கேட்டேன். அவரும் பதறிப்போய்த் தோட்டப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு எங்கள் பல்பைக் காட்டி, "மேடம், இதுதான். பக்கத்து வீட்டுக்குள் நுழைகிறது. வானத்துக்குள்ளும் நுழைகிறது" என்றார்.

அருகில் இருந்த மலை உச்சியில் வானத்தை ஆராயும் தொலைநோக்கிகள் இருந்தன. ஊர் விளக்குகளின் வெளிச்சம் மேலே போனால் நட்சத்திரங்கள் மங்கிவிடும் என்பதால், வெளி விளக்கு எதுவானாலும் மேலே மூடி போட்டு, ஒளி தரையில் மட்டும் விழும்படி வைக்க வேண்டும் என்று அந்த ஊரில் விதி. அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாம் நிறைந்துபோன ஊரில் குறை சொல்ல வேறு எதுவும் கிடைக்கவில்லை போலும் என்று நினைத்தேன்.

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. நான் பிறந்தது ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருக்கும் ஒரு கிராமத்தில். எங்கள் தெருவில் ஒரு மின்கம்பம் உண்டு, விளக்கு கிடையாது. மிஷன் பள்ளி ஆசிரியரான என் அப்பா அந்த ஒரு விளக்குக்காக எழுதிய மனுக்களை நான்தான் தபால் பெட்டியில் போடுவேன். பாம்புக்கடி, பிரசவ வலி, வழுக்கி விழுந்தவர்கள் என்று ஒவ்வொரு மனுவிலும் ஒவ்வொரு காரணம் எழுதுவார். நான் வேலூரில் படிக்கப்போன பிறகுதான் விளக்கு வந்தது. விடுமுறைக்குப் போனபோது தெருவே அதன் கீழே கூடியிருந்தது. பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் ஆமென் சொன்னார்கள். அப்படி ஒரு வெளிச்சத்துக்காகக் காத்துக் காத்து வளர்ந்தவளிடம், உன் வெளிச்சம் குற்றம் என்றால் எப்படிப் பொறுக்கும்?

ஆனாலும் விதி விதிதான். என் கணவர் கடையிலிருந்து ஒரு தகர மூடி வாங்கிவந்து மாட்டினார். அன்று மாலை வேலை முடிந்து வந்த நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அதே பல்புதான். ஆனால் கண்ணில் குத்தவில்லை. படிகளின் விளிம்பு தெரிந்தது, பூட்டு தெரிந்தது, படியில் ஊர்ந்த எறும்பு வரிசைகூடத் தெரிந்தது. அத்தனை நாளும் பாதி வெளிச்சத்தை வீணாக மேலே கொட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த அலுவலர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள வெட்கம்.

சில வருடங்கள் கழித்து, எண்பதுகளின் நடுவில், ஆறு வார விடுப்பில் ஊருக்குப் போனேன். ஊர் மாறியிருந்தது. தோலை மட்டும் பதனிட்டு அனுப்பிய காலம் போய், ஷூவின் மேல்பகுதியைத் தைக்கும் கம்பெனிகள் வந்திருந்தன. அப்பர் கம்பெனி என்பார்கள். அங்கே தையல் மெஷினில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். என் தம்பி மனைவி லீலாவும் அதில் ஒருத்தி. வீட்டுக்குள் நுழைந்த என்னை அவள் மாவுக்கட்டுப் போட்ட வலது கையோடுதான் வரவேற்றாள்.

"இன்னா ஆச்சு லீலா?"

"கால்வாயில விழுந்துட்டேன் அண்ணி. வெளிச்சம் ஜாஸ்தியாப்போயி விழுந்தேன்."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. கம்பெனியில் தோல் கட்டுகள் திருடு போனதால் முதலாளி வாசல் மதிலின் மேல் இரண்டு பெரிய ஃபோகஸ் லைட்டுகளைச் சாலையைப் பார்த்து வைத்திருந்தார். சாலையில் கம்பெனியைப் பார்த்து வருகிறவர்களுக்கு அந்த ஒளி நேராக முகத்தில் அடிக்கும். அன்றைக்கு ஏழு மணிக்கு வேலை முடிந்து கிளம்பி, மறந்துபோன சாப்பாட்டுத் தூக்கை எடுக்கத் திரும்பி நடந்த லீலாவுக்குக் கண் கூசியது. காலடியில் இருந்த கழிவுநீர்க் கால்வாய் தெரியவில்லை. அவளுக்கு முன்பே இரண்டு பேர் அதில் விழுந்திருந்தார்கள்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஹாஜியார் என்று ஊரே மரியாதையாக அழைக்கும் பெரியவர். லீலாவின் வைத்தியச் செலவை அவரேதான் பார்த்துக்கொண்டார். ஆனால் அவர் கண்ட தீர்வு இரண்டு: இன்னும் இரண்டு ஃபோகஸ் லைட்டு போடுவது, பெண்களை ஐந்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாலை வேலைக்கு வெளியூர் ஆண்களை எடுப்பது. இரண்டாவது தீர்வைக் கேட்டதிலிருந்து எங்கள் தெருப் பெண்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த இரண்டு மணி நேர வேலையில்தான் பல வீட்டுப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மாலை நானே போய் அந்த விளக்குகளுக்கு எதிரில் நின்றேன். அரிசோனா வீட்டு வாசல்படி ஞாபகம் வந்தது. கம்பெனி எலக்ட்ரீஷியன் ரஹீம் பாய் என் தம்பியின் பழைய தோஸ்த். அவரிடம், "பாய், லைட்டு வேணாம்னு நான் சொல்லல. மேல ஒரு தொப்பி மாதிரி போட்டு, மூஞ்சியத் தரைப் பக்கம் திருப்ப முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் மதிலை அண்ணாந்து பார்த்தார். "முடியும் சிஸ்டர். கெமிக்கல் டிரம் காலியா கெடக்குது, வெட்டிக்கலாம். சூடு போக இடம் விடணும், அவ்ளோதான். ஆனா லைட்டுல கை வெச்சா ஹாஜியார் என்னைச் சும்மா உடமாட்டாரு. வெளிச்சம் கம்மியானா திருடன் வருவான்னு பயப்படுறாரு."

அந்தப் பயத்தைத்தான் முதலில் தீர்க்க வேண்டும் என்று புரிந்தது. வழி சொன்னவள் லீலா. கேட்டதும் ரஹீம் பாய் காதைப் பொத்திக்கொண்டார். "என் வேலை போய்டும்" என்றார். ஆனாலும் இரண்டே நாளில் டிரம்மை வெட்டித் தொப்பிகள் செய்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை, மஃரிப் தொழுகை முடிந்து கம்பெனிக்கு வந்த ஹாஜியாரிடம் போய் ஐந்து நிமிடம் கேட்டேன். அமெரிக்காவிலிருந்து வந்த நர்ஸம்மா என்பதால் மறுக்கவில்லை. அவரைச் சாலைக்கு அழைத்துப்போய், ஃபோகஸ் லைட்டுகளைப் பார்த்தபடி நிற்கச் சொன்னேன்.

"மதில் ஓரமா யாராவது இருக்காங்களா, பார்த்துச் சொல்லுங்க ஹாஜியார்."

அவர் கையை நெற்றியில் குடையாக வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். "யாரும் இல்லியேம்மா."

"நல்லாப் பாருங்க."

"இவ்ளோ வெளிச்சத்துல இருந்தாத் தெரியாதா? யாரும் இல்ல."

ரஹீம் பாய்க்குக் குரல் கொடுத்தேன். ஏணியில் தயாராக நின்றவர் விளக்குகளை அணைத்து, தொப்பிகளை மாட்டி, முகத்தைக் கீழே திருப்பி மறுபடி போட்டார். மதில் ஓரம் முழுவதும் மஞ்சளாகத் துலங்கியது. அங்கே பதினோரு பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். நடுவில் மாவுக்கட்டுக் கையோடு லீலா. அவளுக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணின் தலையில் ஒரு தோல் கட்டு. ஹாஜியாரின் கம்பெனி முத்திரை குத்திய கட்டு.

அவர் அந்தக் கட்டையே பார்த்தார். இத்தனை பேர் வேலையும் என்னால் போய்விடுமோ என்று நினைத்தேன். பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது.

"என் மூஞ்சிக்கு எதிர்லயே என் தோல் கட்டைத் தூக்கினு நின்னீங்களா?"

"பத்து நிமிஷமா நிக்கிறோம் முதலாளி. கழுத்து வலிக்குது" என்றாள் கட்டைச் சுமந்தவள்.

ஹாஜியார் கால்வாய் விளிம்பு வரை நடந்துபோய், குனிந்து, அதன் கல்லைத் தொட்டுப் பார்த்தார். "இது இவ்ளோ கிட்ட இருக்குறதே எனக்குத் தெரியாமப் போச்சு" என்று லீலாவைப் பார்த்துச் சொன்னார். மறுநாளே கால்வாயின் மேல் பலகை போடப்பட்டது. பெண்களின் மாலை வேலை அவர்களிடமே இருந்தது. திருட்டும் அதோடு நின்றது. மதில் ஓரத்தில் ஒளிய இடமே இல்லாமல் போயிற்றே.

விஷயம் அத்துடன் முடிந்திருக்கும். பெண்கள்தான் விடவில்லை. அந்தச் சாலையில் இன்னும் நான்கு டேனரிகள், எல்லாவற்றிலும் அதே கண்கூசும் விளக்குகள். ஊராட்சிக் கூட்டத்துக்கு அவர்கள் மொத்தமாகப் போனார்கள். நான் பின்னால் நின்றேன். சாலையைப் பார்க்கும் விளக்கு எதுவானாலும் மேல்மூடி வேண்டும், ஒளி தரையைத் தாண்டக் கூடாது என்று லீலா எழுதிவந்ததை வாசித்தாள். இடது கையால் எழுதியதால் கோணல் எழுத்து. அவளே தடுமாறித்தான் படித்தாள். டேனரிக்காரர் ஒருவர் எழுந்து, "அமெரிக்கா சட்டத்தை இங்க கொண்டாந்து எங்கள ஏன் பேஜார் பண்றீங்க?" என்றார்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். லீலாதான் பதில் சொன்னாள்.

"அமெரிக்காவுல அவங்க நட்சத்திரத்துக்காகப் போட்டாங்களாம். நான் விழுந்தது இந்த ஊரு கால்வாயிலங்க. எங்களுக்கு வழி தெரிஞ்சாப் போதும்."

ஹாஜியார் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். பிறகு ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. எதிர்த்துக் கேட்ட டேனரிக்காரரும் கடைசியில் தூக்கினார். வெளியே வந்ததும் பெண்கள் டீக்கடையை நிரப்பிவிட்டார்கள். ரஹீம் பாய்க்கு இருபது தொப்பிகளுக்கு ஆர்டர் கிடைத்திருந்தது. "வேலை போய்டும்னு பயந்தேன் சிஸ்டர். இப்ப வேலைக்கு ஆளு தேடணும்" என்றார். நான் புறப்படுவதற்குள் சாலையின் எல்லா விளக்குகளும் தலை குனிந்துவிட்டன. மொட்டை மாடியில் துணி எடுக்கப்போன லீலா என்னைக் கூப்பிட்டு, ஜவ்வாது மலைக்கு மேலே காட்டினாள். எங்கள் ஊரில் நான் மறந்தே போயிருந்த நட்சத்திரங்கள், அள்ளி இறைத்த மாதிரி. யாரும் கேட்காமல் கொசுறாகக் கிடைத்தவை.

அரிசோனாவுக்குத் திரும்பிய பிறகு, ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று ஊராட்சித் தீர்மானத்தின் நகல். ரஹீம் பாயும் லீலாவும் அனுப்பியது. யோசனை சொன்னவர் என்ற இடத்தில் என் பெயர், "இவ்வூர்வாசி ஆ. எஸ்தர்" என்று எழுதியிருந்தது. மற்றது அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுக்க வரச்சொல்லும் கடிதம். அதில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகி, நான் திருமதி ஆசீர்வாதம் ஆகியிருந்தேன். குறித்த நாளில் நீதிமன்றத்தில், பல தேசத்தவர்களோடு வரிசையாக நின்று வலது கையை உயர்த்தி, புது நாட்டின் உறுதிமொழியை ஒரு சொல் விடாமல் சொன்னேன். சந்தோஷமாகவே சொன்னேன். அந்த நேரம் முழுக்க என் இடது கை, கைப்பைக்குள் மடித்து வைத்திருந்த தீர்மானத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.