ஏலக்காய் ஸ்டோரில் சூடாகாத ஹப்பு

எனக்கு எழுபத்தோரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு பேர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். மலையில் என்னோடு இருப்பது கடைசி மகன் ஒருத்தன்தான். அவனுக்கு ஜீப்பு. விடியுமுன்னே போடிக்கு இறங்கி, ஏலத்தோட்ட வேலைக்கு வருகிற பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மேலே வருவான். அந்த ஓட்டம் இருக்கிறவரைக்கும் அவனும் இங்கே இருப்பான்.

கொஞ்ச நாளாக முன்சக்கரம் முனகியது. ஏற்றத்தில் வண்டுச் சத்தம், இறக்கத்தில் உறுமல். ஏறுகிறவர்கள் பயந்தார்கள். திங்கட்கிழமையும் சத்தம் கேட்டால் வேறு ஜீப்பு வைத்துக்கொள்வேன் என்று தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப்பு கிடையாது. வாசலிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கினான். சக்கரத்தைப் பிடித்திருக்கிற போல்ட்டில் ரெண்டு அறுந்து கிடந்தது. தட்டி எடுத்துவிட்டுப் புதுசு ஏற்றினான். அது லேசாக முடிந்தது. சத்தம் போட்ட பேரிங்தான் மல்லுக்கட்டியது. பழசைக் கழற்றியாச்சு, புதுசோட வளையம் ஹப்புக்குள் இறங்கவில்லை. ஹப்பு என்றால் சக்கரத்தின் நடுவில் இருக்கிற இரும்புக் குடம். சூடு காட்டினால் அது விரியும், வளையம் தானாக விழும் என்று கேள்விப்பட்டிருக்கிறான். சூடு என்றதும் எங்களுக்கு நினைப்பு வந்தது ஏலக்காய் உணத்துகிற ஸ்டோர்தான். உள்ளே போனால் மூச்சு முட்டும். ஸ்டோர்க்காரரிடம் கேட்டு, பச்சைக்காய்த் தட்டுகளுக்கு நடுவில் ஹப்பைக் கொண்டுபோய் வைத்தான்.

"காயோட சேத்துக் காயப் போட்டாச்சு. சாயங்காலம் தரம் பிரிச்சிருவோமா அத்தே?" என்றாள் மருமகள்.

"நல்லாச் சிரி. இறங்குனப்புறம் பேசு," என்றான் அவன்.

சாயங்காலம் எடுத்து வந்தான். கை வைத்துப் பார்த்தேன். வடித்து வைத்த சோற்றுப்பானைச் சூடுகூட இல்லை. ஆளை வேகவைக்கிற சூடு இரும்புக்கு உறைக்கவில்லை. வளையம் கோணலாக நின்றது. சம்மட்டியை எடுத்தான்.

"பதமா அடிடா."

"இதுக்கு மேல என்ன பதம் ஆத்தா?"

அடித்தே இறக்கினான். கிரீஸ் வைத்து, சக்கரத்தை மாட்டி, வளைவு வரைக்கும் ஒரு சுற்றுப் போய் வந்தான்.

"சத்தம் கேட்டுச்சா?"

"எனக்குக் காது மந்தம்ப்பா," என்றேன். என் காதுக்கு ஒரு குறையும் கிடையாது. அவன் காதுக்கும்தான்.

மறுநாள் ஏறின பொம்பளைகளில் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்தவள், "மாத்திட்டேன்னியே தம்பி, பழைய பாட்டையேல்ல பாடுது," என்றாளாம். செவ்வாய்க்கிழமை வேறு ஜீப்பு வந்தது.

எங்கள் ஜீப்பு வாசலில் நிற்கிறது. கோழி ஏறி உட்காருகிறது. அவன் திருப்பூரில் அண்ணனோடு பேசிவிட்டான். முதலில் அவன் மட்டும், வீடு பார்த்ததும் பொண்டாட்டி பிள்ளை. என்னையும் கூப்பிட்டான். யார் வீட்டிலும் போய் ஒண்டிக் கிடக்க என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். அவனும் திருப்பிக் கேட்கவில்லை.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். என் எழுத்து கோணல்மாணல், அடுத்தவர் வாசிக்க வருமா தெரியவில்லை. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கிறாள். இந்தா பாப்பா, சத்தமா வாசி. உங்கப்பன் ஊரை விட்டுப் போறதா எழுதியிருக்கிற இடம் வந்தா நிறுத்தாதே, சேர்த்தே வாசிச்சிரு.