நடுக்கம்பியில் எரிந்த பல்ப்

தன்னுடைய ஆத்துமாவுக்காக நடந்த பூசையைப் பற்றி ஜூலியட் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வராது. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் அவள் புள்ளக்காம்பரா பொறுப்பாளர். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. போன வருஷ மழையில் ரோடு இரண்டு இடத்தில் சரிந்து, போன் டவரும் செத்துப்போக, தோட்டம் ஒன்பது நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. தம்புள்ளையில் இருக்கும் அக்கா மதலேனா, மேலே எல்லாரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பித் தங்கச்சிக்குச் சர்ச்சில் பூசை கொடுத்துவிட்டாள். பூசை நடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி இங்கே முப்பது பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

விஷயம் தெரிந்தபோது ஜூலியட்டுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லக்கூட வழியில்லாத ஊரா இது? மாத்தளை டவுனில் மணிக்கூடு திருத்தும் முனாஸ் நானா வீட்டில் ரேடியோ செட் வைத்துப் பேசுகிறவர் என்று கேள்விப்பட்டு, அடுத்த பஸ்ஸிலேயே போய் நின்றாள். டவர் வேண்டாம், ஒரு கம்பி போதும், குரல் வானத்தில் பட்டு மலைக்கு அந்தப் பக்கம் இறங்கும் என்று அவர் சொன்னதும், லைசன்ஸ் பரீட்சைக்கான புத்தகத்தை அவரிடமே வாங்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் தூங்கும் நேரமெல்லாம் படித்தாள். முதல் தடவை பரீட்சையில் கோட்டை விட்டாள், இரண்டாம் தடவை லைசன்ஸ் வாங்கினாள்.

முனாஸின் ரேடியோ சங்கம் அவளுக்கு ஒரு செட்டைத் தந்தது, ஒரு நிபந்தனையோடு. ஞாயிறு நாலு மணிக்கு அனுராதபுரத்திலிருந்து ஒருவர் எல்லா இடத்தையும் ரேடியோவில் கூப்பிட்டு, ஆபத்துக் காலத்துக்கு ஒத்திகை பார்ப்பார். மூன்று ஞாயிறுக்குள் ஒரு தடவையாவது ஜூலியட்டின் குரல் அங்கே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் செட் வேறு தோட்டத்துக்குப் போய்விடும். இரண்டு ஞாயிறு தொண்டை கிழியக் கத்தினாள். அவர்கள் பேசியது இவளுக்குக் கேட்டது, இவள் பேசியது ஒருவருக்கும் கேட்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு மத்தியானம் புருஷன் ரபாயேல் மறுபடியும் ஆரம்பித்தான். அவன் தோட்டத்துப் பெக்டரியில் எலெக்ட்ரீஷியன். கம்பியின் இரண்டு முனையையும் இரண்டு சவுக்கு மரத்தின் உச்சியில் கட்டியவன் அவன்தான். ஆனால் அந்தக் கம்பியில் அவனுக்கு ஒரு துளி நம்பிக்கை இல்லை.

"ரெண்டு முனையும் ஒண்ணுலயும் மாட்டல. அதுல எப்பிடி கரண்ட் ஓடும்?" என்றான்.

அது ஒரே பக்கம் ஓடுகிற கரண்ட் இல்லை என்று அவள் நூறாவது தடவையாகச் சொன்னாள். செக்கனுக்கு எழுபது லட்சம் தடவை போய்த் திரும்புகிறது. தண்ணீர்ப் பேசினில் கையைச் சும்மா வைத்திருந்தால் அலை வருமா, ஆட்டினால்தானே வரும் என்று கேட்டாள். முனையில் வழி இல்லாததால் கரண்ட் அங்கே ஒன்றுமில்லாமல் போகும், நடுவில்தான் நிறைய இருக்கும், புத்தகத்தில் படமே போட்டிருக்கிறது என்றாள். படத்தை யாரும் போடலாம் என்றான் அவன்.

சரி, கண்ணாலேயே பார் என்று கம்பியை இறக்கச் சொல்லி, நடுவில் ஒன்றும் முனைக்குப் பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு டோர்ச் பல்பை அவனைக்கொண்டே பொருத்தவைத்தாள். கம்பி பழையபடி மேலே ஏறியது. ஜூலியட் மைக்கைப் பிடித்து நீளமாக "ஆ" என்றாள். முனை பல்ப் செத்த மாதிரி இருந்தது. நடு பல்ப் பளீரென்று எரிந்தது. ரபாயேல் வாய் பிளந்து நின்றான்.

ஜெயித்த சந்தோஷத்தில் அவளும் வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்த்தாள். அண்ணாந்து பார்க்கவே தேவைப்படவில்லை. செட்டிலிருந்து நடுவுக்கு ஏறும் கேபிளின் பாரத்தில் கம்பி தொங்கி, அந்த நடு பல்ப் புள்ளக்காம்பராவின் தகரக் கூரைக்கு ஒரு முழம் மேலேதான் இருந்தது. ஐயோ, என்ன மடத்தனம்! கம்பியில் கரண்ட் இந்தப் பக்கம் ஓடினால் கீழே தகரத்தில் அந்தப் பக்கம் ஓடும். ஒன்றை ஒன்று தின்றுவிடும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவள் அவள். வேலை செய்கிற நடுவைக் கூரைமேல் படுக்கப் போட்டுவிட்டு, வேலை செய்யாத முனைகளை இரண்டு பேருமாகச் சேர்ந்து உச்சாணியில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

"முனைய இறக்குங்க. நடுவத் தூக்கணும்," என்றாள்.

உயிரைக் கொடுத்து மரம் ஏறினவனுக்கு அதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் எரிந்த பல்பைப் பார்த்துவிட்டானே, கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினான். ஓடைக்கரையில் மூங்கில் வெட்டிவந்து நடுவை அதன் உச்சியில் கட்டி, பக்கத்து லயத்து வீடுகளின் ஆட்கள் ஆறு பேர் பிடித்து நிமிர்த்தினார்கள். முனைகள் இரண்டு பக்கமும் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்துக்குச் சரிந்து இறங்கின. பார்க்கக் கூடாரம் மாதிரி இருந்தது. மணி நாலடிக்க நாலு நிமிஷம்.

அனுராதபுரத்துக்காரர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முடித்து, வேறு யாராவது இருக்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். ஜூலியட் தன் அழைப்புக்குறியைச் சொன்னாள். செட்டில் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு அந்த மனிதர் அவளுடைய குறியை ஓர் எழுத்துக்கூட விடாமல் திருப்பிச் சொல்லி, நன்றாகக் கேட்கிறது, உங்கள் இடத்து நிலைமையைச் சொல்லுங்கள் என்றார். வாசலில் நின்ற ரபாயேல் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான்.

ஒத்திகைக்கென்று ஒரு வாசகம் இருந்தது. அவளுக்கு அது மறந்தே போய்விட்டது.

"மேல் டிவிஷன். முந்நூத்திப் பன்னிரண்டு பேர். எல்லாரும் உயிரோட இருக்கோம்," என்று சிங்களத்தில் சொன்னாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள், எழுதிக்கொண்டேன் என்று அவர் வாசித்துக் காட்டினார். ஜூலியட்டுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இன்னொரு தடவை வாசிக்க முடியுமா என்று கேட்டாள். ஒத்திகையில் அப்படிக் கேட்கும் வழக்கம் இல்லை. அந்த மனிதர் காரணம் எதுவும் கேட்காமல், இன்னும் நிதானமாக மறுபடி வாசித்தார்.